வீட்டில் தங்கச்சி இருக்கா?

தொழிற்சாலையில் வேலை கேட்கப் போகிறவன் டை கட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று என் அப்பா நம்பினார். அவர் நம்பியதால் நானும் கட்டிக்கொண்டு போனேன். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் வயல்களை மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தகரக் கூரை போட்டுத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் செம்மண் புழுதியில், கறுப்பு ஷூவும் முழுக்கைச் சட்டையும் அப்பாவின் நீல டையுமாக நான் நின்ற கோலம் இப்போது நினைத்தாலும் உடம்பைக் கூசவைக்கிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. அப்பா பினாங்கில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். நாங்கள் இருந்தது டவுனில் கிளார்க்குகளுக்கென்று கட்டிய அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அந்த வரிசை முழுக்க எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து ஆட்கள். எல்லார் வீட்டுக் கதையும் ஒன்றுதான்: தாத்தா கப்பலில் வந்து பேனா பிடித்தார், அப்பா பேனா பிடித்தார், ஆகவே மகனும் பிடிப்பான். இதை யாரும் ஆசை என்று நினைக்கவில்லை. காலையில் சூரியன் வருவதுபோல அது வரும் என்று இருந்துவிட்டார்கள்.

அப்பா அந்த வருஷக் கடைசியில் ஓய்வு பெறவேண்டும். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். நான் அதே அலுவலகத்தில் சேர்ந்துவிட்டால் எப்படியாவது அதே வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அதனால் வேறு வீடே பார்க்கவில்லை. நான் பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத்தில் இரண்டாம் கிரேடில் தேறினேன், டைப்பிங் கற்றேன், சுருக்கெழுத்துக்கும் போனேன். எந்த அலுவலகமும் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு கிளார்க் வேலைக்கு விளம்பரம் வந்தால் தீவில் ஐந்தாம் படிவம் முடித்த பையன்கள் அத்தனை பேரும் அங்கே நின்றோம். துறைமுக வியாபாரம் படுத்துவிட்டது. கரையோரக் கடைகளிலும் ஆள் எடுக்கவில்லை, இருந்த ஆட்களையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பாயான் லெப்பாஸில் ஆள் எடுக்கிறார்கள், எத்தனை பேர் வந்தாலும் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. அப்பா முகத்தைச் சுளித்தார். பிறகு, "ஃபேக்டரி எண்டாலும் ஒஃபீஸ் இருக்கும்தானே" என்று சொல்லித் தன் கையாலேயே என் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

வாசலில் வரிசை நீளமாக இருந்தது. ஏறக்குறைய வரிசை முழுக்கப் பெண்கள். மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள், எண்ணெய் வைத்துப் பின்னலிட்ட தமிழ்ப் பெண்கள். நான் போய் நின்றதும் முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்துப் பக்கத்திலிருந்தவளை முழங்கையால் இடித்தாள். வாசல் காவலரை நாங்கள் ஜாகா என்போம். அந்த ஜாகா ஒரு தமிழர், மீசை நரைத்தவர். என்னை வரிசையிலிருந்து தனியே அழைத்தார்.

"தம்பி, இன்சூரன்ஸா? மேனேஜரப் பாக்கணும்னா அந்தப் பக்கம் போங்க லா."

"இல்லண்ணே. வேலைக்கு வந்தேன்."

அவர் என் டையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "வேலைக்கா? ஆம்பளைங்கள எடுக்கல தம்பி. பொம்பளப் பிள்ளைங்க மட்டும்தான்."

நான் விடவில்லை. கையிலிருந்த உறையைத் திறந்து, படிப்பு, டைப்பிங், சுருக்கெழுத்து என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். உறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் முடித்ததும் உண்மையிலேயே உதவி செய்ய நினைத்தவராகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. வீட்ல தங்கச்சி இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்துவிட்டது என்றே முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு கேலியும் இல்லை. "பதினெட்டு வயசு இருந்தாப் போதும். நாளைக்கே வரச் சொல்லுங்க, எடுத்துக்குவாங்க" என்றார். அடுத்த பெண்ணை உள்ளே விட்டார். பதினோரு வருஷம் பள்ளிக்கூடம் போனவனை நிறுத்திவிட்டு, அவன் வீட்டில் இருக்கிற இன்னொரு ஆளைக் கேட்கிறது இந்த ஊர். பஸ்ஸில் திரும்பி வருகையில் டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தேன்.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. மூன்றாம் படிவத் தேர்வில் தோற்று, படிப்பை நிறுத்தி, வீட்டில் அம்மாவுக்கு உதவியாக இருந்தாள். எங்கள் வீட்டில் அவளைப் பற்றிய ஒரே திட்டம் கல்யாணம்தான். வீட்டுக்கு வந்தவுடன் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன், அந்த ஜாகாவை மனதுக்குள் நாலு அறை அறைந்துகொண்டே. அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"அவனுக்கென்ன விசரோ? பொம்பிளைப் பிள்ளையை ஃபேக்டரிக்கு அனுப்புற குடும்பமோ நாங்கள்?"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: "வருஷம் முடிய இந்த வீட்டை விட்டு இறங்கேக்கை எங்கை போறதெண்டு யோசிச்சனீங்களோ?"

தங்கச்சி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் போய்ப் பாக்கிறன்" என்றாள். ஏதோ பக்கத்துக் கடைக்கு ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்வது போலிருந்தது. மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். அந்த வீட்டில் அவள் ஒரு யோசனை சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

துணைக்கு நான்தான் போனேன். ஜாகா என்னைக் கண்டதும் பழைய நண்பன்போலச் சிரித்தார். அவள் உள்ளே போனாள், நான் வெளியே ஒரு கச்சான் வண்டிக்காரரிடம் கடலை வாங்கிக்கொண்டு அவர் குடை நிழலில் நின்றேன். கச்சான் தீர்வதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். கையில் நீல நிற மேல்கோட்டு.

"என்ன கேட்டாங்கள்?"

"எழுத்துச் சின்னனா எழுதின அட்டையைத் தூரத்திலை பிடிச்சு வாசிக்கச் சொன்னாங்கள். பிறகு கையை விரிக்கச் சொல்லி உள்ளங்கையைத் தொட்டுப் பாத்தாங்கள். கை வேர்க்குமோ எண்டு கேட்டாங்கள்."

"படிப்பு?"

"கேக்கேல்லை."

"மூண்டாம் படிவம் ஃபெயில் எண்டு சொன்னியோ?"

"கேட்டால்தானே அண்ணா சொல்ல?"

வீட்டில் என் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இவளுடைய உள்ளங்கை வேர்க்கவில்லை, அது போதுமாம். கூர்மையான கண், காய்ந்த கை, கல்யாணம் ஆகாத வயது. அந்தக் கரையில் விலை போனது இவ்வளவுதான். அவள்மேல் பொறாமை இருந்ததா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பொறாமைப்பட எனக்கு அவகாசமே கிடைக்கவில்லை; அவ்வளவு பெரிய திகைப்பு.

அப்பா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். தொழிற்சாலை பஸ் குவார்ட்டர்ஸ் முன்னால் நிற்கக் கூடாது. நம் ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அவள் ஒரு பின்தெருவில், மீ நூடுல்ஸ் விற்கும் கடை ஓரமாக நின்று ஏறவேண்டும். நீல மேல்கோட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு போகவேண்டும். யாராவது கேட்டால் தையல் வகுப்புக்குப் போகிறாள்.

முதல் நாள் மாலை வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து சிரித்தாள். அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. பஸ் அடுத்த தெருவில் நின்றதாம். அங்கே ஒரு கோயில் மதிலுக்குப் பின்னாலிருந்து ஏறியவள் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுப் பெண். அவள் டைப்பிங் வகுப்புக்குப் போவதாகத்தான் எங்கள் எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். அதற்கடுத்த தெருவில் கடைசி வீட்டு அக்கா. அவள் சித்தி வீட்டில் பிள்ளை பார்க்கிறாள் என்பது அந்த வீட்டுக் கதை. அதற்கும் அடுத்து, மருந்துக்கடை மறைவில், எதிர்வீட்டுப் பெண். அவளுடைய அப்பாதான் ஃபேக்டரிக்குப் போகிற பெண்களைப் பற்றிக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அதிகமாகப் பேசியவர். ஒரே வரிசை வீடுகளில் இருந்த பெண்கள், ஒருத்திக்கு ஒருத்தி தெரியக்கூடாதென்று ஆளுக்கொரு தெருவில் நின்று, ஒரே பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள்.

"ஒருத்தரை ஒருத்தர் பாத்திட்டு ஒண்டும் பேசேல்லை. பிறகு ஆரோ ஒருத்தி சிரிச்சிட்டாள்" என்றாள்.

அம்மாவும் சிரித்தாள். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த வீடுகளில் எல்லாம் என்னைப் போன்ற அண்ணன்கள் இருந்தார்கள். எல்லாரும் ஐந்தாம் படிவம் முடித்தவர்கள். மாலையில் ஒன்றாகப் பந்து விளையாடுவோம், எங்கே விண்ணப்பம் போட்டிருக்கிறோம் என்று பேசிக்கொள்வோம். எல்லார் வீட்டுச் சோற்றையும் தங்கைகள்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருவனும் மூச்சு விடவில்லை. மறுநாள் நான் பந்து விளையாடப் போகவில்லை.

வீடு தேடவேண்டிய நாள் வந்தது. ஜெலுத்தோங்கில் ஒரு பலகை வீடு வாடகைக்கு இருந்தது. வீட்டுக்காரர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி; பனியனோடு உட்கார்ந்திருந்தார். அப்பா தன் உத்தியோகத்தையும், இத்தனை வருஷ சேவையையும், வரப்போகிற பென்ஷனையும் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். தவுக்கே காதைக் குடைந்துகொண்டார். பிறகு மலாயில் கேட்டார்: "சியாப்பா கெர்ஜா?" யார் வேலைக்குப் போகிறது?

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அப்பா, தொண்டையைச் செருமிக்கொண்டு, மகள் வேலைக்குப் போகிறாள், பாயான் லெப்பாஸில், என்றார்.

"ஓ, கீலாங்!" தவுக்கே நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிற்சாலை என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. "பாகுஸ், பாகுஸ்!" நல்லது, நல்லது என்று சொல்லிச் சாவியை எடுத்து நீட்டினார். முப்பது வருஷம் அரசாங்கத்துக்கு உழைத்த மனிதர் கையில், மூன்றாம் படிவம் தோற்ற மகள் பெயரைச் சொன்ன பிறகுதான் ஒரு சாவி விழுந்தது.

எனக்கும் கடைசியில் வேலை கிடைத்தது. அதையும் தங்கச்சிதான் கொண்டுவந்தாள். தொழிற்சாலையில் அவள் வரிசையில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வருகிறவள். விடியுமுன் பஸ், பிறகு ஃபெரி, பிறகு மறுபடி பஸ் என்று வந்து சேர்வாள். "எங்க தோட்டத்து ஆபிஸ்ல கிராணி இல்லாம கிடக்குது. உங்கண்ணன் சும்மாதான இருக்காரு, வரச் சொல்லு லா" என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள்.

கிராணி என்றால் தோட்டத்துக் கிளார்க். டவுன் கிளார்க்குகளுக்கு அவர்கள் ஒரு படி கீழே. அப்பா வாழ்க்கையில் ஒருமுறைகூட அந்தப் பக்கம் பார்த்து எனக்கு வேலை தேடியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. வேலை என்றால் எங்களுக்குத் தீவு மட்டும்தான். ஃபெரியில் ஏறி இருபது நிமிஷம் கடலைத் தாண்டினால் வேறு நிலவரம் இருக்கும் என்று எங்கள் வரிசையில் ஒருவர்கூட நினைக்கவில்லை.

இந்தத் தடவை டை கட்டவில்லை. பெரிய கிராணி வழுக்கைத் தலையர், சட்டையில் ரப்பர் பால் வாடை. சட்டத்திலிருந்து கழற்றி நான் கொண்டுபோயிருந்த சான்றிதழை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசிவரை வாசித்தார். வாசித்தார்!

"ஃபார்ம் ஃபைவ் பாஸ் பண்ணிட்டு இவ்ளோ நாளா பினாங்குல என்ன தம்பி பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"வேலை தேடிக்கிட்டு இருந்தேங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாங்க இங்க ஆள் தேடிக்கிட்டு இருந்தோம். இருந்த சின்னக் கிராணி சிங்கப்பூருக்கு ஓடிட்டாரு. நாளைக்கே வந்துருங்க."

நான் தேடிய மாதங்கள் முழுக்க அந்த நாற்காலி அங்கே காலியாகக் கிடந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம். அதே காகிதம், அதே ஆள். தீவுக் கரையில் நான் ஒரு கேள்விக்குக்கூடப் பெறாதவன், இந்தக் கரையில் நாளைக்கே வேண்டியவன்.

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பெரட்டு என்பார்கள். முதல் வாரம் பெரட்டில் நின்றபோது கவனித்தேன்: பால் வெட்ட வந்திருந்த பெண்கள் எல்லாரும் வயதானவர்கள். இளம் பெண்கள் எங்கே என்று கேட்டேன். "எல்லாம் உங்க ஊர்லதான் இருக்கு" என்றார் பெரிய கிராணி. அந்தப் பெண்களின் அண்ணன்களும் தம்பிகளும் தொழிலாளர் லயத்து வீடுகளின் வாசலில் குந்தியிருந்தார்கள். அவர்களையும் என் தீவு கேட்கவில்லை. எங்கள் வரிசையில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்திருந்தேன்.

வருஷங்கள் போயின. நான் அங்கேயே தங்கி, கல்யாணம் செய்துகொண்டு, பெரிய கிராணியும் ஆனேன். தங்கச்சி அதே தொழிற்சாலையில் இருந்தாள். உருப்பெருக்கிக் குழாயில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சின்னஞ்சிறு மின்னணுச் சில்லில் ஒட்டவைக்கிற வேலை. அவளுக்கு வந்த சம்பந்தங்களில் எல்லாரும் வேலையை விடச் சொன்னார்கள். விட்டால் ஜெலுத்தோங் வீடு என்னாவது என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. அப்பா காலமானார். அம்மாவும் அவளும் அந்தப் பலகை வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது.

எண்பதுகளின் நடுவில் ஊரெங்கும் பொருளாதாரம் சரிந்தது. பாயான் லெப்பாஸில் ஒவ்வொரு தொழிற்சாலையாக ஆள் குறைத்தார்கள். ஒரு நாள் காலையில் அவள் வரிசையை முழுதாக மூடிவிட்டு, நீல மேல்கோட்டுகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கேள்விப்பட்டதும் ஓடினேன். "நீ வேலைக்கே போகவேண்டாம், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

"அதைச் சொல்லிக்கொண்டு வரவேண்டாம் அண்ணா" என்றாள். "பக்கத்து ஃபேக்டரியிலை ஆள் எடுக்கிறாங்களாம். கொண்டுபோய் விடுங்கோ."

தீவையும் அக்கரையையும் இணைக்கும் புதுப் பாலம் திறந்திருந்த சமயம். அடுத்த நாள் என் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டி வந்து அவளை ஏற்றிக்கொண்டேன். நல்ல சேலை கட்டியிருந்தாள். அந்தத் தொழிற்சாலையில் செய்வதும் அதே வேலைதான். இவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். நான் துளியும் கவலைப்படவில்லை. வாசலில் வரிசை இருந்தது. எல்லாம் பள்ளிக்கூடத்தை நேற்றுத்தான் விட்ட பிள்ளைகள். இங்கேயும் ஜாகா தமிழர்தான், ஆனால் சின்ன வயசுக்காரர். அவளைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, யாரப் பாக்கணும்?"

"வேலைக்கு வந்தேன் தம்பி. இதே வேலைதான், பத்து வருஷத்துக்கு மேல செஞ்சிருக்கேன்."

அவர் அவள் கண்ணாடியைப் பார்த்தார். "வயசு என்னக்கா?"

"முப்பது."

"இருபத்தஞ்சுக்கு மேல எடுக்க மாட்டாங்கக்கா. கண்ணாடி வேற போட்டிருக்கீங்க." நல்ல பிள்ளை அவர், அவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "வீட்ல தங்கச்சி யாரும் இருக்காங்களா?"

அந்தச் சொற்களை அவளிடம் அந்த நாளில் ஆத்திரத்தோடு கொண்டுவந்து கொட்டியவன் நான்தான். அவற்றை அவளிடமே ஒருவர் கேட்பார் என்று கனவிலும் நினைத்ததில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ஜாகாவிடம், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்:

"தங்கச்சி இல்ல தம்பி. அண்ணன்தான் இருக்காரு. டை கட்டிக்கிட்டு வருவாரு, வேணுமா?"

ஜாகா ஒன்றும் புரியாமல் சிரித்தார். வரிசையில் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன். முதுகில் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. வீட்டுக்குப் பாதி வழியில் கெலுகோர் தாண்டும்வரை அவள் சிரிக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.